படத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளிகள்

"அதைக் கீழே வை."

பெரியவள் அறை வாசலில் நின்றபடியே சொன்னாள். குரல் உயரவில்லை. ஆனாலும் கண்ணாடி முன்னால் நின்றிருந்த தங்கை ரேடியோவின் கை, பவுடர் டப்பாவோடு அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்னக்கா, போற இடத்துல முகம் பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?"

"உன் முகத்தை யாரும் அங்க படம் எடுக்கப் போறதில்ல. பவுடர், சென்ட் எதுவும் போடாம வாங்கன்னு போன்ல சொன்னாங்க இல்ல? படத்துல புள்ளி புள்ளியா விழுமாம்."

"முகத்துக்கு மட்டும்தான்."

"நீயா? முகத்துல ஆரம்பிச்சா முழங்கை வரைக்கும் போய்த்தான் நிறுத்துவே. மாவு மில்லுல வேலை பார்த்துட்டு வர்றவ மாதிரி இருப்பே."

ரேடியோ சிரித்துக்கொண்டே டப்பாவைக் கைப்பைக்குள் போட்டாள். சிரிப்பு வாயோடு நின்றது. கண்ணுக்குப் போகவில்லை.

வாயை மூடத் தெரியாது என்பதற்காகச் சின்ன வயதிலேயே வீட்டில் வைத்த பேர் அது. இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வண்டி ஓட்டும்போதும் வாய் ஓடும். அப்படிப்பட்டவள் போன வாரம் வாயடைத்துப் போனாள். குளிக்கும்போது வலது மார்பில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட, ஈரத் தலையோடு இரண்டு தெரு ஓடிவந்து, அக்காவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, "அம்மாவுக்கு வந்ததுதானே இது?" என்று கேட்டாள்.

 பெரியவள் அன்றைக்கே போனை எடுத்து மார்பகப் பரிசோதனை நிலையத்தில் நேரம் வாங்கினாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த பதில்.

கூடத்தில் அப்பா மேசை விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கழற்றுவதற்கு ஏதாவது இல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?"

"கடைக்குப் புதுசா ஒரு மெஷின் வருதுப்பா. இவளும் பார்க்கணுமாம்," என்றாள் பெரியவள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. பொய் சொல்வதற்கு வசதியான வேலை. எப்போதும் ஏதாவது ஒரு மெஷின் வந்துகொண்டுதான் இருக்கும்.

அப்பா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்வை முகத்தில் நிற்காமல் அவளுடைய இடது கைக்குப் போனது.

"கையைத் தொங்கப் போட்டு நில்லு."

அப்போதுதான் பெரியவளுக்கே தெரிந்தது. இடது கையை மடித்து உடம்போடு ஒட்டி, விலாவை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா கடைசி வருஷத்தில் அப்படித்தான் நிற்பாள். சமையலறையில், வாசலில், கொடியில் துணி எடுக்கும்போதுகூட. கண்ணுக்குத் தெரியாத ஒரு குழந்தையை இடுக்கிக்கொண்டு நிற்பதைப் போல.

பெரியவள் கையை இறக்கினாள். அப்பா மறுபடி விசிறியின் மேல் குனிந்தார்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அம்மாவைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். "கத்தி பட்டதும் பரவிடுச்சு." யார் கேட்டாலும் அதுதான். எப்போது கேட்டாலும் அதுதான்.

*

பரிசோதனை நிலையத்தின் கூடத்தில் ஒன்றோடொன்று பிணைத்த நாற்காலிகள். ஒருத்தி அசைந்தால் வரிசை முழுவதும் அசைந்தது. சத்தம் குறைத்த தொலைக்காட்சியில் யாரோ வாயை மட்டும் அசைத்துச் செய்தி வாசித்தார்கள். ஒரு கணவர் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்கவும் தெரியாமல் கீழே வைக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வரவேற்புப் பெண் திரையைப் பார்த்துவிட்டு இரண்டு அங்கிகளை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"ஒண்ணு போதும்," என்றாள் பெரியவள். "இவளுக்கு மட்டும்தான்."

"ரெண்டு பேருக்கும் பதிஞ்சிருக்கே மேடம்."

ரேடியோ கூரையைப் பார்த்தாள்.

"என்னடி செஞ்சே?"

"ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன்க்கா."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே!"

"ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தானாம் இது. நான் மறுபடி போன் பண்ணிக் கேட்டேன். உங்க அக்காவுக்கு நாற்பது தாண்டியாச்சு, அம்மாவுக்கு வந்திருக்கு, ஏன் இன்னும் எடுக்கலன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. உனக்குத் தெரிஞ்சா நீ சொல்லு."

  மாலை போட்ட படத்தில் இருக்கும் அம்மாவின் வயதைப் பெரியவள் இந்த வருஷம் தாண்டுகிறாள். தாண்டிவிட்டால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"இன்னொரு நாள் பார்க்கலாம்."

"கடையில எல்லாருக்கும் நீ என்ன சொல்றே? கண்ணு நல்லாத் தெரியறப்பவே வந்து அழுத்தம் பாருங்க, மங்கினதுக்கப்புறம் வந்தா நான் என்ன செய்யறதுன்னு அவங்களைத் திட்டறே இல்ல? நீ எடுத்தாத்தான் நானும் எடுப்பேன். இல்லன்னா இப்படியே டிப்போவுக்குப் போறேன், இன்னிக்கு டியூட்டியாவது மிச்சமாகும்."

சொன்னால் செய்துவிடுவாள். பெரியவள் அங்கியை எடுத்துக்கொண்டாள்.

*

அறை குளிர்ந்திருந்தது. இயந்திரம் ஆள் உயரத்துக்கு நின்றது. நெஞ்சளவில் ஒரு தட்டு, அதற்கு மேலே கீழிறங்கும் இன்னொரு தட்டு. படம் எடுக்கும் பெண் சின்ன வயதுக்காரியாக இருந்தாள். அவள் மூக்குக் கண்ணாடியின் வலது காம்பில் திருகு தளர்ந்திருந்ததைப் பெரியவளின் கண் தானாகக் கண்டுபிடித்தது. அதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தால் மற்றதை நினைக்க வேண்டியதில்லை.

"கொஞ்சம் அழுத்தும், நசுங்கற மாதிரி இருக்கும். அழுத்தினாத்தான் உள்ள இருக்கறது விரிஞ்சு தெளிவாத் தெரியும். சட்டுன்னு விட்டுடும், பயப்படாதீங்க. தோளைத் தளர்த்துங்க. இன்னும் கொஞ்சம் முன்னாடி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க."

தட்டு இறங்கியது. வலித்தது. கத்தும்படியாக வலிக்கவில்லை. கதவிடுக்கில் விரல் மாட்டியதும் மூச்சை உள்ளே இழுப்போமே, அந்த மாதிரி.

"மூச்சை நிறுத்துங்க."

இயந்திரம் முனகியது.

"விடலாம்."

வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு. படம் எடுக்கும் பெண் ஒவ்வொரு தடவையும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். கடைசிப் படத்தின்போது பெரியவள் அந்தத் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அங்கி போட்ட ஒரு பெண்ணின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கை இயந்திரத்தைப் பற்றியிருக்க, வாய் இறுக மூடியிருந்தது. அது தன் உருவம் என்று அவளுக்கு முதலில் தோன்றவில்லை. "நீ எங்க இங்க வந்தேம்மா?" என்று கேட்கத் தோன்றியது.

படம் எடுக்கும் பெண் தடுப்பை விட்டு வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மேடம், பவுடர் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"களிம்பு? அக்குளுக்கு ஏதாவது?"

"எதுவும் இல்ல. நான் பவுடரைத் தொட்டே பல வருஷமாச்சு."

"சில சமயம் துணியிலேருந்துகூட ஒட்டிக்கும். எதுக்கும் இதால துடைச்சுக்கங்க. இடது பக்கம் மட்டும் இன்னொண்ணு எடுத்துடலாம்."

ஈரத் துணியைக் கொடுத்தாள். பெரியவள் துடைத்தாள். துணியில் எதுவும் ஒட்டவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். அப்போது அந்த வாசனை வந்தது.

அறையில் பவுடர் கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வந்தது. ரோஜாவும் சுண்ணாம்பும் கலந்த மாதிரியான அந்த மலிவுப் பவுடரின் வாசனை. அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவாள். கதவு திறந்ததும் வாசனை முதலில் வரும், அம்மா பிறகு வருவாள். கழுத்தெல்லாம் வெள்ளையாக இருக்கும். "எந்த நாடகத்துலம்மா வேஷம் கட்டறே?" என்று பெரியவள் கேலி செய்வாள். அம்மாவும் சிரிப்பாள். வாரத்துக்கு ஒரு டப்பா தீர்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது அதை வாங்கி வருவது பெரியவளின் வேலை.

ஒருநாள் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தபோது, அந்த வாசனைக்குக் கீழே இன்னொரு வாசனை இருப்பது அவளுக்குத் தெரிந்தது. பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீர் மாதிரி. அவள் எழுந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இடது கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். 

"மூச்சை நிறுத்துங்க மேடம்."

அவள் முன்பே நிறுத்தித்தான் இருந்தாள்.

மறுபடி எடுத்த படத்தையும் அந்தப் பெண் பார்த்தாள். பிறகு அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி இன்னொன்று எடுத்தாள். "அவ்வளவுதான், உடுத்திக்கங்க. டாக்டர் கூப்பிடுவாங்க," என்றாள். முன்பு இருந்ததைவிட அவள் குரலில் மரியாதை கூடியிருந்தது. பெரியவளுக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை.

*

"தண்ணிப் பைதான்க்கா! வெறும் தண்ணி!"

ரேடியோ தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். நாற்காலி வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"படமும் எடுத்தாங்க, ஸ்கேனும் பார்த்தாங்க. உள்ள தண்ணி கட்டியிருக்காம். நிறைய பேருக்கு இருக்குமாம். பெரிசானாலோ வலிச்சாலோ வந்தாப் போதுமாம். நான் பாட்டுக்கு உயில்ல என் வீட்டுக்காரருக்கு என்ன எழுதறதுன்னு யோசிச்சுட்டிருந்தேன். நல்லவேளை, எழுதற அளவுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல!"

அக்காவைக் கட்டிக்கொண்டாள். பெரியவள் அவள் முதுகைத் தடவினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நிஜமான சந்தோஷம்தான் அது. அதோடு வேறொன்றும் சேர்ந்து வந்தது.

"டாக்டர் உங்களைக் கூப்பிடறாங்க மேடம்," என்றது பின்னால் ஒரு குரல்.

"போய் ஒண்ணுமில்லன்னு கேட்டுட்டு வா, டீ குடிக்கலாம். நான் வெளியே பெஞ்சில இருக்கேன்," என்றாள் ரேடியோ.

டாக்டரம்மா மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆடை கட்டிய டீ ஒரு ஓரத்தில் இருந்தது. சுற்றி வளைக்கவில்லை. திரையைப் பெரியவளின் பக்கம் திருப்பினார்.

கறுப்பில் மேகம் மாதிரி ஒரு சாம்பல் வடிவம். அதன் மேல் ஓரத்தில், ஒரே இடத்தில், யாரோ ஒரு சிட்டிகை உப்பைச் சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

"பவுடர் இல்லன்னு உறுதியாயிடுச்சு. இது உள்ளே இருக்கற சுண்ணாம்புத் துகள்கள். நிறைய பெண்களுக்கு இப்படி இருக்கும், பெரும்பாலும் அதால ஒரு கெடுதலும் இல்ல. ஆனா உங்களுக்கு ஒரே இடத்துல கொத்தா இருக்கு. அதை அப்படியே விட எனக்கு மனசில்ல. ஊசி வெச்சு அந்த இடத்துலேருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்."

"எனக்குக் கையில எதுவும் தட்டுப்படலையே டாக்டர்."

"தட்டுப்படாது. நான் தடவிப் பார்த்தாலும் எனக்கும் தட்டுப்படாது. கைக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே பார்த்துடறதுக்குத்தான் இந்தப் படம்."

"புற்றா?"

அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை என்று சொன்ன பிறகுதான் பெரியவளுக்குத் தெரிந்தது. அவர்கள் வீட்டில் அதற்குப் பேர் 'அது'.

"தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் இதைவிட ஆரம்பத்துல பிடிக்க முடியாது. இப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், அதுக்கு மேல சொன்னா அது பொய்."

பெரியவள் விரல்களைப் பிசைந்தாள். "கத்தியோ ஊசியோ பட்டா பரவிடும்னு..."

"யார் சொன்னாங்க?"

"அப்பா. அம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு."

"அம்மா ஆஸ்பத்திரிக்கு வரும்போது எப்படி இருந்தாங்க?"

யாரிடமும் சொல்லாததைப் பெரியவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். பவுடரை, அந்த இன்னொரு வாசனையை, துணியில் கறை தெரிந்த அன்று சித்தி வந்து அம்மாவை வலுக்கட்டாயமாக ஆட்டோவில் ஏற்றியதை. ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் எல்லாம் முடிந்ததை.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். "உங்கம்மாவுக்குக் கத்தி பரப்பலம்மா. கத்தி வர்றதுக்கு முன்னாடியே அது போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயிடுச்சு. கத்தி கடைசியா வந்தது, அதனால பழி அது மேல விழுந்துடுச்சு. நாம வைக்கப்போற ஊசியும் பரப்பாது."

பிறகு பேனாவை எடுத்தார். "அம்மா பக்கத்துல வேற யாருக்காவது வந்திருக்கா?"

"அம்மாவுக்குக் கூடப் பிறந்தது அந்தச் சித்தி ஒருத்தங்கதான். அம்மா போன அன்னிக்கு, 'கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டே'ன்னு அப்பா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அப்புறம் சித்தி எங்க வீட்டுப் படி ஏறல. இருக்காங்களா இல்லையான்னுகூடத் தெரியாது."

"முடிஞ்சா விசாரிங்க. அது உங்களுக்கு மட்டுமில்ல. உங்க தங்கச்சிக்கும் வேணும், அவங்களுக்குப் பொண்ணு இருந்தா அவளுக்கும் வேணும்."

*

வெளியே வேப்ப மர நிழலில் பெஞ்சு. ரேடியோ இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிசோதனை முடிந்த உற்சாகத்தில் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் தாராளமாகக் கொட்டியிருந்தாள்.

இந்தத் தடவை வாசனை நிஜமாகவே வந்தது. பெரியவளின் கால் நின்றது.

"முகத்தை ஏன் அப்படிச் சுளிக்கறே? உனக்கு இது ஆகாதுன்னு தெரியும். எனக்கு அம்மான்னா இந்த வாசனைதான்க்கா. முகம்கூடச் சரியா ஞாபகம் இல்ல. வேற கம்பெனி பவுடர் எதையும் நான் தொடறதில்ல."

சொல்லக் கூடாது என்று பெரியவள் இத்தனை காலமும் மனதுக்குள் வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்து மகளுக்கும் பூசிவிட்டு, "ஆச்சி இப்படித்தான் மணப்பாங்க" என்று ரேடியோ சொல்லும்போதெல்லாம் வேறு அறைக்குப் போய்விடுவாள்.

"அம்மா எதுக்கு அவ்வளவு பவுடர் போட்டாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"அழகுக்குத்தான்."

"இல்ல."

சொன்னாள். புண்ணின் வாடை வெளியே தெரியாமலிருக்கத்தான் என்று சொல்ல அதிகம் வார்த்தை தேவைப்படவில்லை. ரேடியோவின் கையில் இருந்த கோப்பை மெதுவாகச் சாய்ந்து டீ மண்ணில் வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"என்கிட்ட அவங்களோடது அது ஒண்ணுதான் இருந்துச்சு," என்றாள் கடைசியில். "அதையும் எடுத்துட்டியே."

"தெரியும்."

"இவ்வளவு வருஷம் சொல்லாதவ இன்னிக்கு எதுக்குக்கா சொல்றே? நல்ல சேதி வந்த நாள்ல?"

"உனக்கு நல்ல சேதி. என் படத்துல புள்ளி இருக்கு. ஊசி வெச்சுப் பார்க்கணுமாம்."

ரேடியோ அக்காவைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். பிறகு தன் துப்பட்டா நுனியால் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். தோல் சிவக்கும்வரை துடைத்தாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"அப்பாகிட்ட ரிசல்ட் வந்தப்புறம் சொல்லிக்கலாம்," என்றாள் ரேடியோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒண்ணுமில்லன்னு வந்தா சொல்லவே வேண்டாம்."

"அம்மாவும் இப்படித்தான் ஆரம்பிச்சிருப்பாங்க. நாளைக்குச் சொல்லலாம், பிள்ளைங்க பரீட்சை முடியட்டும், அவர் வேலை முடிஞ்சு அலுப்பா வந்திருக்கார்னு. அப்புறம் சொல்லவே தேவையில்லாமப் போச்சு. வாசனையே சொல்லிடுச்சு." பெரியவள் எழுந்தாள். "நான் இன்னிக்கே சொல்றேன்."

*

அப்பா விசிறியைப் பூட்டி முடித்திருந்தார். கடைசித் திருகு மட்டும் பாக்கி. பெரியவள் எதிரே உட்கார்ந்து, மெஷின் பார்க்கப் போகவில்லை என்பதில் தொடங்கி, ஊசி வரைக்கும் சொன்னாள். ரேடியோ சுவரோடு சுவராக நின்றாள்.

அவர் கத்துவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை. கடைசித் திருகை முடுக்கினார். விசிறியைச் சுழலவிட்டுப் பார்த்தார். நிறுத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அப்பா!"

பெரியவள் பின்னாலேயே போனாள். சாயங்கால வெயில் தெருவில் நீளமாகக் கிடந்தது. சலவைக் கடையைத் தாண்டினார். பஞ்சர் ஒட்டுகிறவர் வணக்கம் சொன்னார், இவர் கவனிக்கவில்லை. சிக்னலில் நிற்காமல் சாலையைக் கடந்தார். முன்பு அவர் பராமரித்த பழைய அடுக்குமாடி ஒன்றுக்குள் நுழைந்து, லிஃப்டுக்குள் போய் நின்றார். கதவு மூடுவதற்குள் பெரியவளும் உள்ளே புகுந்தாள்.

அவர் மேல் மாடிப் பொத்தானை அழுத்தினார். பெட்டி ஒருமுறை உதறிவிட்டு ஏற ஆரம்பித்தது. மங்கலான விளக்கின் கீழே இரண்டு பேர். ஓடிப்போக இடமில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது."

மாடி ஒன்று கீழே போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கயிற்றின் சத்தத்தையா, வேறு எதையா என்று சொல்ல முடியாது.

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"அப்பவும் போவேன்பா."

"அவளும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார் அப்பா. யாரைச் சொல்கிறார் என்று கேட்கத் தேவையில்லை. "ஒரே கட்டில்ல படுத்திருந்தேன். முதுகைக் காட்டிக்கிட்டே படுப்பா. என் மேல கோபம்னு நெனச்சுட்டிருந்தேன்."

கத்தி என்று அவர் சொல்லவில்லை. பெரியவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். அந்த வாக்கியம் வரவில்லை.

பெட்டி நின்றது. கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. கதவு தானாக மூடிக்கொண்டது.

"டாக்டர் ஒண்ணு கேட்டாங்கப்பா. சித்தியைப் பத்தி. அவங்க இருக்காங்களா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அவர் பொத்தான் பலகையில் தளர்ந்திருந்த ஒரு திருகை நகத்தால் முடுக்கினார்.

"இருக்கா."

"அப்பா?"

"அவளுக்கும் வந்துச்சு. உங்கம்மா போன மறு வருஷமே. அக்காவைப் பார்த்த பயத்துல உடனே போய்க் காட்டியிருக்கா. சொந்தக்காரங்க வந்து சொன்னாங்க." தொண்டையைச் செருமினார். "கத்தி வெச்சுத்தான் எடுத்தாங்க. பொழைச்சுட்டா. நல்லா இருக்கா."

 பெரியவள் லிஃப்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ இரவுகளில் தன்னை மிரட்டிய அந்த வாக்கியத்தை, பொய் என்று தெரிந்துகொண்டேதான் இந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்தாரா? கோபம் வர வேண்டும். வந்தது அழுகை. அழுகைக்குள் எங்கேயோ, நல்லா இருக்கா என்ற அந்த இரண்டு சொல் மட்டும் தனியாக நின்றது.

அவர் கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினார்.

கதவு திறந்தபோது எதிரே ரேடியோ மூச்சு வாங்க நின்றிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா? என்ன சொன்னார்?" என்று பதறினாள்.

"சித்தி உயிரோட இருக்காங்களாம்டி."

"எங்க?"

அப்பா சின்ன மகளைப் பார்த்தார். "நீ முதல் நாள் பஸ் ஓட்டினப்ப, உனக்குத் தெரியாம நான் கடைசி சீட்ல உட்கார்ந்து வந்தேன். நீ பயமில்லாம ஓட்டறியான்னு பார்க்க."

"சொல்லவே இல்லையேப்பா!"

"உங்க சித்தியும் வந்திருந்தா. நடு சீட்ல. என்னைப் பார்த்தா. நானும் பார்த்தேன். ஒண்ணும் பேசிக்கல. தண்ணித்தொட்டி ஸ்டாப்ல இறங்கிப் போனா. அங்கதான் வீடுன்னு அப்புறம் கேள்விப்பட்டேன்."

 ரேடியோவின் கை அவளை அறியாமலே தன் இடது தோளுக்குப் போயிற்று.

"அந்த ஸ்டாப்ல இறங்கற வயசானவங்க ஒருத்தங்கதான்பா," என்றாள். "தினமும் இறங்கறப்ப என் தோள்ல கை வெச்சுட்டுத்தான் இறங்குவாங்க."